கமத்துக்கு ஏற்ற நாய்: வேட்டை இனமா, மந்தை இனமா?

முன்னுரை

வயலோ தோட்டமோ உடைய கமக்காரர் வீட்டில் நாய் இல்லாதிருத்தல் அரிது. எருது வாங்கச் செல்பவர் அதன் பல்லைப் பார்ப்பர், சுழியைப் பார்ப்பர், நடத்திப் பார்ப்பர், அது பிறந்த பட்டி எது என்றும் கேட்டறிவர். அவரே நாய்க்குட்டி ஒன்றைத் தெரியும்போது நிறத்தையும் வாலையும் காதையும் பார்ப்பதோடு அமைந்துவிடுகின்றனர். இதனால் விளையும் நட்டம் சிறிதன்று. பன்றியை விரட்டுவதற்கென வளர்த்த நாய் அயலவரின் ஆட்டுப்பட்டியிற் புகுந்து ஒரே இரவில் பல ஆடுகளைக் கடித்துக் கொல்வதும், ஆடு மேய்ப்பதற்கென விலை கொடுத்து வாங்கிய நாய் வேலையின்றித் தெருவிற் செல்லும் துவிச்சக்கர வண்டிகளைத் துரத்துவதும் கிராமங்களிற் காணத்தக்க நிகழ்ச்சிகளே.

இக்குறைகள் நாயின் குற்றத்தால் விளைவன அல்ல. ஒவ்வோர் இனமும் ஒரு தொழிலுக்கெனப் பல தலைமுறையாகத் தெரிந்து பெருக்கப்பட்டது. அத்தொழில் யாதென அறியாது வேறொரு தொழிலில் ஈடுபடுத்துவதே தவறு. ஆதலால், வேட்டை நாய்க்கும் மந்தை நாய்க்கும் உள்ள வேறுபாடு, இந்நாட்டு நிலைமைக்கு அவற்றின் பொருத்தம், கமக்காரர் தமக்கு ஏற்ற நாயைத் தெரியும் முறை என்பன இத்துண்டுப் பிரசுரத்திற் கூறப்படுகின்றன.

ஒரே இயல்பு, இரு தொழில்

நாய் ஓநாயின் வழிவந்த விலங்கு. இரை தேடும் விலங்கின் செயல் ஒரே செயலன்று. ஒன்றன்பின் ஒன்றாக வரும் பல படிகளின் தொடர் ஆகும். அவையாவன:

1. இரையை நோக்கித் திரும்புதல்
2. கண் வைத்து உற்று நோக்குதல்
3. பதுங்கி அணுகுதல்
4. துரத்துதல்
5. கவ்வுதல்
6. கொல்லுதல்
7. கிழித்து உண்ணுதல்

மனிதன் நாயினங்களை உண்டாக்கியபோது புதியதோர் இயல்பை அதனுட் புகுத்தவில்லை. இத்தொடரிலுள்ள சில படிகளை வலுப்படுத்தினான், சிலவற்றைத் தளர்த்தினான். வேட்டை நாய்களில் துரத்துதலும் கவ்வுதலும், சில இனங்களிற் கொல்லுதலும் வலுவாக உள்ளன. மந்தை நாய்களில் உற்று நோக்குதல், பதுங்குதல், துரத்துதல் ஆகிய மூன்றும் மிக வலுவாகவும், கவ்வுதலும் கொல்லுதலும் தளர்ந்தும் உள்ளன. மந்தை நாய் ஆட்டைக் கண்டதும் தரையோடு தாழ்ந்து கண்ணிமைக்காது நிற்பதைப் பார்ப்பவர், அது ஆட்டின்மீது அன்பு கொண்டு காவல் செய்வதாக எண்ணுதல் கூடும். உண்மையில் அது பாதியில் நிறுத்தப்பட்ட வேட்டையே ஆகும்.

இவ்வுண்மையிலிருந்து கமக்காரர் அறியவேண்டியவை இரண்டு. ஒன்று, வேட்டை நாயை அடித்தும் அதட்டியும் மந்தை நாயாக மாற்றுதல் இயலாது. அதன் கவ்வும் இயல்பு இரத்தத்தில் ஊறியது. மற்றொன்று, மந்தை நாயும் பழக்கப்படாவிடின் அல்லது பிற நாய்களோடு கூட்டமாகத் திரியின், தளர்ந்திருந்த கவ்வும் இயல்பு மீண்டும் எழுதல் கூடும்.

வேட்டை நாய் வகைகள்

வேட்டை நாய் என்பது பல வகைகளை அடக்கிய பொதுப்பெயர்.

பார்வையால் வேட்டையாடுவன முதலாம் வகை. இவை நீண்ட கால்களும் ஆழ்ந்த மார்பும் ஒடுங்கிய வயிறும் உடையன. திறந்த வெளியில் முயல் போன்ற விரைந்தோடும் இரையைக் கண்ணால் கண்டு ஓடிப் பிடிப்பன. கிரேகவுண்டு இவ்வகையினது. தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில் வளர்க்கப்படும் சிப்பிப்பாறை, கன்னி ஆகிய இனங்களும் இவ்வகையினவே. ராஜபாளையம் நாயும் வேட்டைக்கும் காவலுக்கும் பேர்பெற்றது. வெப்பத்தைத் தாங்கும் குறுமயிர் இவற்றின் சிறப்பு. எனினும் வெண்ணிற ராஜபாளையக் குட்டிகளிற் சில பிறவிச் செவிடாக இருத்தல் உண்டு. வாங்குபவர் குட்டியின் பின்னால் நின்று கைதட்டிச் சோதித்தல் வேண்டும்.

மோப்பத்தால் வேட்டையாடுவன இரண்டாம் வகை. பொக்ஸ்கவுண்டு, பீகிள், பிளட்கவுண்டு என்பன இவ்வகையின. மோப்பம் பிடித்துவிட்டால் இவை தலைவனின் குரலையும் மறந்து பல மைல் தூரம் செல்லும். இதனை இந்நாட்டில் நன்கு காட்டியவர் சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர். அவர் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நுவரெலியாவில் வேட்டை நாய்க் கூட்டம் ஒன்றை வைத்து மலைக்காடுகளில் மரை வேட்டையாடினார். மோப்பத்தால் தொடரும் நாய்களையும், இரையை எதிர்த்துக் கவ்வும் பெருநாய்களையும் அவர் சேர்த்தே வைத்திருந்தார். காட்டுப்பன்றியோடு பொருது நல்ல நாய்கள் பலவற்றை இழந்தமையை அவரே தம் நூலில் எழுதியுள்ளார். செல்வமும் ஓய்வும் உடைய வேட்டைக்காரர் அவ்விழப்பைத் தாங்கினார். ஒரு நாயையே வைத்திருக்கும் கமக்காரர் அதனைத் தாங்குதல் எளிதன்று.

வளைகளிற் புகுந்து எலி முதலியவற்றைக் கொல்லும் தெரியர் நாய்கள் மூன்றாம் வகை. உருவிற் சிறியன, துணிவு மிகுந்தன. நெற்களஞ்சியத்தில் எலி பிடிக்க உதவுவன. ஆயின் அவற்றுக்கு எலிக்கும் கோழிக்குஞ்சுக்கும் வேறுபாடு கற்பித்தல் அரிது.

சுட்டு வீழ்த்திய பறவையை எடுத்து வருவன நான்காம் வகை. லபிறடோர் இவ்வகையினது. கவ்வினும் கடித்துச் சிதைக்காத மென்வாய் இவற்றுக்கு உண்டு. ஆதலால் வேட்டையினங்களுள் வீட்டுக்கு மிக அமைந்தவை இவையே. எனினும் காவலுக்கோ பட்டிக்கோ இவற்றால் ஆகும் பயன் சிறிது.

மந்தை நாய் வகைகள்

மந்தை நாய்களும் ஒரே வகையின அல்ல.

சுற்றிச் சென்று ஆடுகளைத் திரட்டி மேய்ப்பனிடம் கொண்டுவருவன ஒரு வகை. இங்கிலாந்துக்கும் ஸ்கொத்லாந்துக்கும் இடையிலுள்ள எல்லைப்புற மலைகளில் உருவாகிய போடர் கொலி இவற்றுள் முதன்மையானது. 1893இல் நோதம்பலாந்து மாவட்டத்திற் பிறந்த ஹெம்ப் என்னும் ஓர் ஆண் நாயிலிருந்தே இவ்வினத்தின் பெரும்பகுதி வழிவந்துள்ளது. குரைக்காமலும் கடிக்காமலும் பார்வையால் மட்டுமே ஆடுகளை நடத்திய நாய் அது. மந்தை நாய்களுக்கான போட்டிகள் அதற்கு முன்னரே தொடங்கிவிட்டன; 1873இல் வேல்சு நாட்டின் பாலா என்னும் ஊரில் அத்தகைய போட்டி நடைபெற்றது.

இந்நாய் தொழில் செய்யும் முறை எளியது. ஒவ்வோர் ஆடும் தன்னைச் சூழ ஓர் எல்லையை வைத்திருக்கும். பகை விலங்கு அவ்வெல்லையைத் தொட்டால் ஆடு எதிர்ப்புறம் நகரும். நாய் அவ்வெல்லையின் விளிம்பில் நின்று ஆட்டை நகர்த்துகின்றது. எல்லையின் உள்ளே பாய்ந்துவிடின் மந்தை சிதறி ஓடும். மேய்ப்பன் நிற்கும் இடத்துக்கு நேர் எதிர்ப்புறத்தில் நாய் நிற்க முயலும்; மேய்ப்பன் நகர்ந்தால் நாயும் நகரும். ஆகவே மேய்ப்பனும் இத்தொழிலைக் கற்றல் வேண்டும். நாய் மட்டும் கற்றால் போதாது.

பின்னின்று ஓட்டிச் செல்வன மற்றொரு வகை. வேல்சு நாட்டுக் கோர்கியும், 19ஆம் நூற்றாண்டில் டிங்கோ என்னும் காட்டு நாயின் கலப்பால் அவுஸ்திரேலியாவில் உருவாகிய மாட்டு நாயும் இவ்வகையின. இவை மாட்டின் குதிகாலிற் கடித்து, அது உதைக்குமுன் தாழ்ந்து ஒதுங்குவன. இவற்றில் கவ்வும் இயல்பு முற்றாகத் தளரவில்லை. பரந்த மேய்ச்சல் நிலத்தில் இது பயன். ஒழுங்கையில் மாடு கொண்டு செல்லும் கமக்காரருக்கு இது தொல்லை. அன்றியும் எருமை நாய்க்கு எளிதில் அஞ்சுவதில்லை. பெரும்பாலும் திரும்பி நின்று எதிர்க்கும். கன்றுடன் நிற்கும் பசுவும் அவ்வாறே செய்யும். பசும்பாலுக்கென மாடு வளர்ப்பவர் நாயால் மாட்டை ஓட்டுதல் எவ்வாற்றானும் ஆகாது. வெருண்ட மாட்டின் பால் குறையும், சினைமாடு கன்றை இழத்தலும் கூடும்.

மந்தை நாய் ஓயாது வேலை கேட்கும் நாய். நாளெல்லாம் மலையில் ஓடுவதற்கெனத் தெரியப்பட்ட உடலையும் மனத்தையும் உடையது. பத்து ஆடுகளும் ஒரு சிறு வளவும் உடையவரிடம் அது இருப்பின், கோழிகளை மூலையில் ஒடுக்கும், சிறு பிள்ளைகளின் காலைச் சுற்றும், வண்டிகளைத் துரத்தும். இவை அதன் இயல்பு வேறு வழியின்றி வெளிப்படும் வகைகளாம்.

மூன்றாம் வகை: பட்டிக் காவல் நாய்

மந்தையை நடத்தும் நாயையும் மந்தையைக் காக்கும் நாயையும் ஒன்றெனக் கருதுவோர் பலர். அவை முற்றும் வேறானவை. துருக்கியின் கங்கால், இத்தாலியின் மரேம்மா ஆகிய காவல் நாய்களில் மேற்கூறிய படிகள் பெரும்பாலும் எல்லாமே தளர்ந்துள்ளன. அவை ஆட்டை உற்று நோக்குவதில்லை, பதுங்குவதில்லை, துரத்துவதில்லை. ஆட்டின் நடுவே படுத்திருந்து, அந்நிய விலங்கு வரும்போது எழுந்து இடையில் நின்று குரைப்பதே அவற்றின் தொழில்.

இவ்வியல்பின் ஒரு பகுதி இனத்தாலும் ஒரு பகுதி வளர்ப்பாலும் வருவது. நாய்க்குட்டியின் மனம் மூன்றாம் கிழமைக்கும் ஏறத்தாழப் பன்னிரண்டாம் கிழமைக்கும் இடைப்பட்ட காலத்தில் தன் உறவினர் யாவர் என்பதைக் கற்றுக்கொள்கின்றது. அக்காலத்தில் ஆட்டுடன் வாழ்ந்த குட்டி, ஆட்டைத் தன் கூட்டமாகவே கொள்கின்றது. அமெரிக்காவில் வாழும் நவகோ மக்கள் தனி இனம் எதுவுமற்ற கலப்பு நாய்க்குட்டிகளை இவ்வாறு ஆட்டுப்பட்டியிலேயே வளர்த்து, நரியினத்தைச் சேர்ந்த கொயோட்டிகளிடமிருந்து ஆடுகளைக் காத்துவருகின்றனர். கங்காலும் மரேம்மாவும் அடர்ந்த மயிரும் பேருடலும் உடையவை. இந்நாட்டின் உலர்வலயத்துக்கு உகந்தவை அல்ல. ஆயின் நவகோ மக்களின் முறை இந்நாட்டு நாய்க்கும் பொருந்தும். அதற்குப் பொருட்செலவு இல்லை. பொறுமை மட்டுமே வேண்டும்.

இந்நாட்டு நிலைமை

நாய் தெரியுமுன் கமக்காரர் கருதவேண்டிய உள்ளூர்க் காரணங்கள் சில உள.

வெப்பம். நாய்க்கு மனிதனைப்போல் உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. நாக்கை நீட்டி இளைத்தே உடலின் வெப்பத்தைத் தணிக்கும். அதன் இயல்பான உடல்வெப்பம் 38 பாகை சதமவளவைக்கும் 39 பாகைக்கும் அண்மையில் இருக்கும். 41 பாகையைத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. அடர்ந்த மயிருடைய மந்தையினங்கள் நுவரெலியா, வெலிமடைப் பகுதிகளில் வாழ்தல் எளிது. வன்னியிலும் மட்டக்களப்பிலும் மன்னாரிலும் நண்பகலில் அவற்றை வேலை வாங்குதல் கொலைக்கு ஒப்பாகும். நாய் தள்ளாடி, ஈறு கடுஞ்சிவப்பாகி, வாயில் நுரை தள்ளின் உடனே நிழலிற் கிடத்தி உடல் முழுவதும் நீர் ஊற்றி விசிறுதல் வேண்டும்.

காட்டுப்பன்றி. நெல், மரவள்ளி, நிலக்கடலை, வற்றாளை ஆகியவற்றை அழிக்கும் பன்றியை எண்ணியே பலர் வேட்டை நாய் தேடுகின்றனர். பன்றி பெரும்பாலும் இரவில் வருவது. ஒரு நாய் அதனைக் கொல்லமாட்டாது. கொல்ல முயலும் நாயின் வயிற்றைப் பன்றியின் கொம்பு கிழித்துவிடும். உயிர் தப்பிய பன்றி அயலவரின் வயலிற் புகும். பயிரைக் காப்பதற்கு வேண்டியது பன்றியைக் கொல்லும் நாயன்று. அது வேலியை அணுகும்போதே குரைத்துக் காவற் கொட்டிலில் உள்ளவரை எழுப்பும் நாயே. பன்றிக்கென வைக்கப்படும் கண்ணி, கட்டுத்துவக்கு, தீனியுள் மறைத்த வெடி ஆகியவற்றில் முதலிற் சிக்குவனவற்றுள் காட்டில் அலையும் வேட்டை நாயும் ஒன்று.

யானை. யானை நடமாடும் இடங்களில் நாயை ஏவுதல் பெருந்தீங்கு. குரைக்கும் நாயை யானை துரத்தும். துரத்தப்பட்ட நாய் தன் தலைவனிடமே ஓடிவரும். யானையும் அதன் பின்னே வரும். ஆகவே அவ்விடங்களில் இரவில் வயலுக்குச் செல்பவர் நாயைத் தம்முடன் அவிழ்த்து விட்டுச் செல்லுதல் கூடாது.

சிறுத்தையும் முதலையும். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களை அடுத்த குடியிருப்புகளிற் சிறுத்தை நாயைப் பிடிப்பது உண்டு. இரவில் நாயை வெளியிற் கட்டிவைத்தல் இரைக்குக் கட்டியதே ஆகும். உறுதியான கூட்டினுள் அடைத்தல் வேண்டும். உலர்வலயக் குளங்களில் முதலை உண்டாதலால் மாலையில் நாயைக் குளத்தில் இறக்குதல் கூடாது.

சட்டம். 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் மான், மரை முதலிய விலங்குகளைப் பாதுகாக்கின்றன. நாயை விட்டு அவற்றைப் பிடித்தல் குற்றமாகும். காட்டை அடுத்து வாழும் கமக்காரரின் வேட்டை நாய் தானாகவே மான்கன்றைப் பிடித்து வந்தாலும் வழக்குக்கு ஆளாகுபவர் அவரே. பயிரழிக்கும் விலங்கை எவ்வாறு தடுக்கலாம் என்பதை வனசீவராசிகள் அலுவலரிடம் கேட்டறிதல் நன்று.

எந்தக் கமத்துக்கு எந்த நாய்?

மூன்று வகைக் கமங்களை எடுத்துக் காட்டாகக் கொள்வோம்.

முதலாவது, இரண்டு ஏக்கர் வயலும் வீட்டுத் தோட்டமும் சில கோழிகளும் உடைய கமம். இதற்கு வேட்டை நாயும் வேண்டா. மந்தை நாயும் வேண்டா. கூர்ந்த காதும் அளவான உடலும் குறுமயிரும் உடைய ஊர்நாயே ஏற்றது. அது வெப்பத்தைத் தாங்கும். குறைந்த தீனியில் வாழும். அந்நியர் வரவை அறிவிக்கும். எலித்தொல்லைக்குத் தெரியரைத் தேடுவதினும் பூனையும் களஞ்சியத்தின் ஒழுங்கும் சிறந்தன.

இரண்டாவது, நெல்லுடன் முப்பது நாற்பது ஆடுகளையும் வைத்திருக்கும் கமம். காலபோகத்திற் பயிருக்குள் ஆடு புகாமற் காக்கவேண்டும். அறுவடைக்குப் பின் தரிசு வயலில் எருவுக்காகப் பட்டி அடைக்கவேண்டும். இங்கு நரியும் கட்டாக்காலி நாயுமே பகை. ஆட்டுடன் வளர்ந்த உள்ளூர்க் காவல் நாய் இதற்குப் பொருத்தமானது. ஆடுகளை நடத்தும் வேலையை மேய்ப்பவர் கோலும் குரலும் கொண்டு செய்யலாம். இக்கமத்தில் வேட்டை நாயை வைத்தல் பட்டியினுள் நரியை வைத்தற்கு நிகர்.

மூன்றாவது, நூற்றுக்கு மேற்பட்ட கால்நடைகளைப் பரந்த மேய்ச்சல் நிலத்திற் பராமரிக்கும் பண்ணை. நாளும் வேலை கொடுக்கவும் பழக்கவும் ஆள் உண்டாயின் மந்தை நாய் இங்கு மட்டுமே தன் விலைக்கு ஈடு செய்யும். அப்பொழுதும் தாயும் தந்தையும் மந்தையில் வேலை செய்தவையா என்று பார்த்தே குட்டி வாங்குதல் வேண்டும். காட்சிக்கென வளர்க்கப்பட்ட வழியிற் பிறந்த குட்டிக்கு இனப்பெயர் இருப்பினும் தொழில் இருப்பது உறுதியன்று.

இம்மூன்றிலும் வேட்டை நாய்க்கு இடம் இல்லாமை காண்க. வேட்டை நாய் தாழ்ந்ததென்பது இதன் பொருளன்று. அதன் தொழில் இன்று கமத்தொழிலோடு சேர்ந்ததாக இல்லை என்பதே பொருள்.

ஆட்டைக் கொன்றது எது?

ஆடு கொல்லப்பட்டால் பழி முதலில் நரிமீதோ சிறுத்தைமீதோ விழும். உண்மை பெரும்பாலும் காயத்திலேயே தெரியும். நாய்கள் கொன்றிருப்பின் தொடை, விலா, காது, வால் எனப் பல இடங்களிற் கடி இருக்கும். பல ஆடுகள் காயம்பட்டிருக்கும். உண்ணப்பட்டது சிறிதாகவே இருக்கும். சிறுத்தை தொண்டையைக் கவ்விக் கொல்லும். பெரும்பாலும் ஒன்றையே கொன்று இழுத்துச் செல்லும். நரி குட்டிகளையே பெரிதும் நாடும்.

பகலில் வீட்டு வாயிலிற் சாதுவாகப் படுத்திருக்கும் நாய், இரவில் வேறு இரண்டு நாய்களோடு கூடியதும் வேறு நாயாகிவிடும். விடியுமுன் வீடு திரும்பி அதே இடத்திற் படுத்துக்கொள்ளும். உடையவர் எதனையும் அறியார். “எங்கள் நாய் அவ்வாறு செய்யாது” என்று அவர் சொல்வது பொய்யன்று, அறியாமையே. ஆடிழந்தவரோ ஒரு போகத்தின் உழைப்பை இழந்தவர். இரு வீட்டாருக்கும் இடையே இதனாற் பகை மூள்வதுண்டு. இதற்கு ஒரே மருந்து, எவ்வின நாயாயினும் இரவில் வளவினுள் அடைத்து வைத்தலே.

குட்டியைத் தெரிதலும் பழக்குதலும்

குட்டி எட்டுக் கிழமை வரை தாயுடன் இருத்தல் வேண்டும். அதற்குமுன் பிரித்த குட்டி பிற்காலத்திற் கடிநாயாதல் கூடும். தாயைக் காணாது குட்டியை வாங்குதல் கூடாது. அஞ்சி ஒடுங்கும் தாயும் காரணமின்றிச் சீறும் தாயும் தம் இயல்பைக் குட்டிக்குக் கொடுக்கும். குட்டிகளிடையே முன்பின் அறியாதவரிடம் துணிந்து வருவதும், ஒலி கேட்டால் திடுக்கிட்டாலும் விரைவில் தேறுவதும் ஆகிய ஒன்றைத் தெரிதல் நன்று. காவலுக்குப் பெட்டையும் கடுவனும் ஒத்த தகுதியுடையன. குட்டி போடுதல் வேண்டாவாயின் மிருக வைத்தியரைக் கொண்டு மலடாக்குதல் வேண்டும். அதனால் நாய் ஊர் சுற்றுதலும் பெரிதும் குறையும்.

பட்டிக் காவலுக்குத் தெரிந்த குட்டியை எட்டாம் கிழமையிலேயே பட்டியின் ஒரு மூலையிற் கம்பி வலையால் மறைத்து, சாதுவான இரண்டு மூன்று ஆடுகளோடு அடுத்திருக்கச் செய்க. குட்டி ஆடுகளைப் பார்க்கவும் மோக்கவும் வேண்டும்; ஆடு முட்டினால் ஒதுங்கவும் இடம் வேண்டும். தீனி அங்கேயே வைக்கப்படவேண்டும். வீட்டுப் பிள்ளைகள் அதனை விளையாட்டுப் பொருளாக்குதல் கூடாது. எனினும் உடையவர் நாளும் தொட்டுப் பழகி, கூப்பிட்டால் வரவும் கட்டினால் நிற்கவும் கற்பித்தல் வேண்டும். நான்காம் மாதத்திலிருந்து ஓராண்டு வரை குட்டி விளையாட்டாக ஆட்டைத் துரத்தும், காதைக் கடிக்கும். இக்காலமே பலர் மனந்தளர்ந்து நாயைக் கைவிடும் காலம். அப்பொழுது கண்காணிப்பின்றி விடாது, நீண்ட கயிற்றிற் கட்டி, துரத்த எழும்போதே “விடு” என அதட்டி நிறுத்துதல் வேண்டும். ஒன்றரை ஆண்டு முதல் இரண்டு ஆண்டு வயதிலேயே அதனைத் தனியே நம்பி விடலாம்.

மந்தை நாயாயின், அது ஆட்டைவிட விரைந்து ஓடக்கூடிய வயதில், அதாவது எட்டு மாதம் முதல் ஓராண்டுக்குள் பயிற்சி தொடங்கலாம். “படு”, “நில்”, “வா” என்பன முதற் சொற்கள். இடமும் வலமும் பின்னர். நாளொன்றுக்குக் கால் மணித்தியாலம் போதும். ஒரே ஏவலுக்கு வீட்டிலுள்ள யாவரும் ஒரே சொல்லைக் கூறுதல் வேண்டும். அடித்துப் பழக்கிய நாய் அடிப்பவர் இல்லாதபோது கீழ்ப்படியாது.

நோயும் நஞ்சும்

விசர்நாய்க்கடி நோய் கண்டபின் உயிர் தப்புதல் அரிதினும் அரிது. ஆயின் முற்றாகத் தடுக்கத்தக்கது. குட்டிப் பருவத்திலேயே தடுப்பூசி இட்டு, பின்னர் ஆண்டுதோறும் இடுதல் வேண்டும். எந்த நாய் கடித்தாலும், கீறினாலும், காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். காட்டில் அலையும் வேட்டை நாய் நோயுற்ற நரியைச் சந்திக்கும் வாய்ப்பு மிகுதி என்பதும் கருதத்தக்கது.

எலிக்காய்ச்சல் நெற்கமக்காரரின் பகை. எலியைப்போல் நாயின் சிறுநீராலும் அது பரவுதல் கூடும். இதற்கும் நாய்க்குத் தடுப்பூசி உண்டு.

ஆடு, மாடு அறுத்த இடத்துக் குடலையும் ஈரலையும் பச்சையாக நாய்க்கு இடுதல் கூடாது. அவற்றிலுள்ள கட்டிகள் நாயின் குடலில் நாடாப் புழுவாகி, அதன் முட்டைகள் மனிதரின் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டியை உண்டாக்கும். நன்கு அவித்தே கொடுத்தல் வேண்டும்.

மாட்டுக்குரிய உண்ணி மருந்தையோ பூச்சி மருந்தையோ நாய்க்குக் கொடுத்தல் பெருந்தவறு. ஐவர்மெக்டின் என்னும் மருந்து, கொலி வழிவந்த மந்தையினங்கள் பலவற்றின் மூளையைத் தாக்கிக் கொல்லும். அவ்வினங்களில் அம்மருந்தை மூளைக்குட் புகாது தடுக்கும் அமைப்புப் பிறப்பிலேயே குறைவுற்றிருத்தல் இதன் காரணம். மருந்து கொடுக்கப்பட்ட கால்நடையின் சாணத்தை உண்டும் நாய் நஞ்சுறலாம். வயலில் வைக்கும் எலி நஞ்சும், மரக்கறித் தோட்டத்தில் நத்தைக்கு இடும் நஞ்சுத் தீனியும் நாயையும் கொல்வன. அவை இடப்பட்ட நாட்களில் நாயைக் கட்டிவைத்தல் வேண்டும்.

சுருக்கம்

1. நாய் வாங்குமுன் தம் கமத்துக்கு வேண்டிய தொழில் எதுவென முதலில் தீர்மானிக்க: அறிவித்தலா, காத்தலா, நடத்துதலா?
2. அறிவித்தலுக்கு ஊர்நாய், காத்தலுக்கு ஆட்டுடன் வளர்ந்த நாய், பெருமந்தையை நடத்துதற்கே மந்தை நாய்.
3. ஆடும் கோழியும் உள்ள இடத்தில் வேட்டை நாயை வைக்கற்க.
4. யானை நடமாடும் இடத்தில் நாயை ஏவற்க. சிறுத்தை உள்ள இடத்தில் வெளியிற் கட்டற்க.
5. எவ்வின நாயாயினும் இரவில் அவிழ்த்து ஊரில் விடற்க.
6. தடுப்பூசி, பதிவு, மலடாக்கல் ஆகிய மூன்றையும் மறவற்க. பதிவுக்கு உள்ளூராட்சி மன்றத்தையும், ஏனையவற்றுக்கு அரசாங்க மிருக வைத்திய அலுவலகத்தையும் நாடுக.
7. மாட்டு மருந்தை நாய்க்குக் கொடுக்கற்க.

நல்ல நாய் பத்து ஆண்டுக்கு மேல் வாழ்வது. குட்டியைத் தெரியும் ஒரு நாளில் கமக்காரர் செய்யும் ஆராய்ச்சி, அப்பத்து ஆண்டும் அவர் பயிருக்கும் பட்டிக்கும் அயலவரின் உறவுக்கும் காவலாக நிற்கும்.